ஆமூர்க் கரையில் ஒரு நத்தார்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ட்ராமிலிருந்து இறங்கி, ஜனவரிக் குளிரில் நடந்துபோய் தவராஜா வீட்டு மணியை அழுத்தியபோது சாரங்கிக்குப் பயமும் இல்லை, அழுகையும் இல்லை. ஒரு கிழமையாகவே மனம் மரத்துக் கிடந்தது.

தவராஜா முப்பது வருடம் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பழைய ரஷ்யத் தபால் உறைகள் சேர்ப்பார். ஊராரின் சிக்கல்களையும் சேர்ப்பார். மனைவி கிளோறியாவுக்கோ துப்பென்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

"தேன் கேக் கொண்டந்தனான் அக்கா. றொனிஷன் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில ஒரு ரஷ்ய அம்மா இருக்கிறா. போன கிழமை, ஏழாந்திகதி, அவையின்ர நத்தார். வருசாவருசம் இவரிட்டக் குடுத்துவிடுவா," என்று கணவன் கொண்டுவந்த கிறிஸ்மஸ் கேக்கை நீட்டினாள் சாரங்கி.

"கேக் கிடக்கட்டும், விசயத்தைச் சொல்லும்," என்றாள் கிளோறியா.

விஷயம் இதுதான். சீனாவும் ரஷ்யாவும் முட்டிக்கொள்ளும் ஆமூர் ஆற்றங்கரையில், 1880களில் ஆயிரக்கணக்கானவர்கள் களவாகத் தங்கம் தோண்டினார்கள். தங்களுக்கென்று ஒரு குடியரசே நடத்தினார்கள். அங்கே போன டேனிஷ்காரன் ஒருவனின் நாட்குறிப்பு, பேரன் தட்டச்சுச் செய்த தாள்களாக மட்டும் மிஞ்சியிருந்தது. அதுதான் சாரங்கியின் முனைவர் ஆய்வு. அந்தத் தாள்களுக்குள் ஒன்று பொய் என்று பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். மற்றத் தாள்களிலெல்லாம் கிளிப்பின் துருக்கறை இருந்தது, இதில் இல்லை. நாளை காலை விசாரணை. அவள்தான் செய்தாள் என்று முடிவானால் நாலு வருட உழைப்பும் பெயரும் போய்விடும்.

தவராஜா அந்தத் தாளின் பிரதியை வாங்கி, நிதானமாக, உரக்க வாசித்தார்.

"1885 ஜனவரி 7. இன்று ரஷ்யர்களின் நத்தார். சீனத் தொழிலாளிகள் கொழுக்கட்டை கொண்டுவந்தார்கள். எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம்."

"சீனரும் ரஷ்யரும் ஒண்டா இருந்ததுக்கு இப்பிடி ஒரு சாட்சியைத்தான் நாலு வருசமாத் தேடினனான்," என்றாள் சாரங்கி. "வாசிச்ச அண்டைக்கு அழுதனான், அண்ணை."

"இந்த ஆள் எந்தக் கலண்டரில திகதி போட்டவன்?"

"முழுக்க டென்மார்க் கலண்டர்தான்."

"அப்ப பிழைச்சுப்போச்சு. ரஷ்யாவின்ர பழைய கலண்டர் இப்ப பதின்மூண்டு நாள் பிந்தி ஓடுது. அந்த நூற்றாண்டில பன்னிரண்டு நாள்தான். என்ர தபால் உறையளைப் பாரும், ரஷ்ய முத்திரையில ஒரு திகதி, வெளிநாட்டு முத்திரையில வேற திகதி. பழைய கலண்டர்ப்படி டிசம்பர் 25இல வாற அவையின்ர நத்தார், 1885இல எங்கட ஜனவரி ஆறாந்திகதி. ஏழு எண்டு எழுதினவன் இந்தக் காலத்து ஆள். அதுவும் படிச்சு அறிஞ்சவனில்லை, ஏழாந்திகதி நத்தாரைப் பக்கத்தில நிண்டு பார்த்தவன்."

தேடியது கிடைத்த சந்தோஷத்தில் அவள் திகதியைப் பார்க்கவே இல்லை.

"தாளை ஆர் ஆர் தொட்டது?" கிளோறியா பாய்ந்தாள்.

"பேரன்ர குடும்பம் தந்ததில இருந்து போன மாசம் வரைக்கும் எங்கட வீட்டிலதான் கிடந்தது. நானும் இவரும்..." சாரங்கி நிறுத்தினாள். "இவர் பழைய சாமான் சந்தையில ஒரு தட்டச்சு மெசின் வாங்கினவர். அழகுக்கு எண்டு சொன்னவர்."

கிளோறியாவின் பார்வை தேன் கேக்குக்குப் போனது.

"நாளைக்கு என்ன சொல்லப்போறீர், பிள்ளை?" என்று கேட்டார் தவராஜா.

சாரங்கி ஃபோனை எடுத்தாள்.

"அந்தத் தாளை எழுதினது நீங்களோ?"

றொனிஷன் மறுக்கவில்லை. "ஓம். நித்திரையிலயும் சாட்சி கிடைக்கேல்லை எண்டுதான் கதைச்சனீர். பாத்துக்கொண்டிருக்கேலாமப் போச்சு."

"நாளைக்கு உங்கட பெயரைச் சொல்லவேணும்."

"சொல்லும்." பிறகு தயங்கிக் கேட்டான். "நல்லா எழுதியிருந்தனானோ?"

"ஓம்," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.