நிருஷன் மறைத்த பள்ளம்

ஒரே ஒரு விடை மட்டும் பொருந்தவில்லை. மற்றவை எல்லாம் சரி என்று பச்சை எழுத்தில் ஓடி முடிந்த பிறகு, திரையின் அடியில் அந்த வரி மட்டும் சிவப்பாக நின்றது. ஆரணி அதைப் பார்த்தபடி தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள். ஆறிப்போயிருந்தது. சேற்று மணம் அடித்தது.

அரியாலையில் கடல்நீரேரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் அந்த வாடகை வீடுதான் அவளுக்கும் நிருஷனுக்கும் அலுவலகம். கம்பஸில் ஒன்றாகப் படித்தவர்கள். தையில் கலியாணம் என்று பேசி முடித்திருந்தது. ஆவணியில் படகில் போய், ஒலியால் ஆழம் பார்க்கும் கருவியை இறக்கி, நீரேரியின் அடித்தரையை அளந்து வந்தவன் நிருஷன். அந்த எண்களை நிரையும் நிரலுமான தாயங்களாக அடுக்கிப் பெருக்கி வரைபடமாக்குவது ஆரணியின் வேலை. லினக்ஸ் கணினியில் அந்தப் பெருக்கலையெல்லாம் செய்துகொடுக்கும் மென்பொருள் லைப்ரரியை நிருஷன்தான் முன்பு அமைத்திருந்தான். அது ஊர்ந்தது, ஒரு படம் வர ஒரு பகல் போனது. அதனால் அதையே இந்தக் கணினியின் ப்ராசசருக்குப் பொருந்தும்படி மூல நிரலிலிருந்து புதிதாகக் கட்டி, பழையதன் விடைகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நிருஷன் கொழும்புக்குப் போயிருந்தான். "வீட்டைப் பூட்டிப்போட்டுப் போகாதையும். நான் வருமட்டும் நீர் அங்கையே நில்லும்," என்று பஸ் ஏறும்போதும் சொன்னான். அக்கறை என்று நினைத்துத்தான் பண்டத்தரிப்பு வீட்டிலிருந்து அவள் பையோடு வந்து இறங்கினாள்.

மாரி மழை காலையிலிருந்து விடவில்லை. மத்தியானமே அறைக்குள் பொழுதுபட்ட இருட்டு; ஓட்டிலிருந்து வழிந்த நீர் முற்றத்தில் தேங்கி, வாசல் படலை வரைக்கும் ஒரே வெள்ளமாகக் கிடந்தது; கணினியின் காற்றாடி சூடேற ஏற இரைந்து, அடங்கி, மறுபடி இரைந்து, பக்கத்தில் யாரோ படுத்துறங்கும் மூச்சைப்போல அறையை நிறைத்தது.

பக்கத்து வளவுக் கமலாவதி குடையோடு வந்து பொரித்த மீன் கிண்ணத்தை நீட்டினாள். அவளுடைய புருசனின் படகில்தான் நிருஷன் அளக்கப் போயிருந்தான்.

"தனியவோ பிள்ளை நிக்கிறீர்?"

"ஓம் அக்கா. அவர் வெள்ளிக்கிழமை வந்திடுவார்."

"அந்தத் தம்பி உந்த வீட்டிலை படுக்கிறேல்லை. போன கிழமை முழுக்க விடிய விடிய எங்கடை விறாந்தையிலை குந்திக்கொண்டு இருந்தவர். கேட்டால், உள்ளை நுளம்பு கடிக்குது எண்டார்."

ஆரணி சிரித்தாள். கதவைச் சாத்திப் படுக்கப்போகிறேன் என்று அந்த நாட்களில் அவன் ஒவ்வொரு இரவும் போனில் சொன்னது, கமலாவதி போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தான் கட்டியதில்தான் பிழை என்று எண்ணினாள். ப்ராசசரின் வகையைக் கணினி தவறாகக் கண்டுபிடித்திருக்கலாம். கையால் எழுதிக்கொடுத்து மறுபடி கட்டினாள். அதே விடை. வேலையைப் பலவாகப் பிரித்துச் செய்யாமல் ஒரே இழையில் ஓடவிட்டாள். அதே விடை. வேகத்துக்கான உத்திகளை எல்லாம் கழற்றிவிட்டாள். அதே விடை.

அப்படியென்றால் பிழை பழையதில்.

நிருஷனின் மூலக் கோப்பைத் திறந்தாள். பெருக்கல் முடியும் இடத்தில், யாரும் எழுதத் தேவையில்லாத சில வரிகள். கரையோரத்து ஒரு பகுதியின் எண்களை எல்லாம் அவை பக்கத்து எண்களுக்குச் சமனாக்கின. பழையது ஊர்ந்ததற்குக் காரணமும் அவைதான். தவறுதலாக வந்த வரிகள் அல்ல. நேரமெடுத்து, கவனமாக எழுதியவை.

புதிய லைப்ரரியோடு வரைபடத்தைக் கீறவிட்டாள். நிமிடக்கணக்கில் வந்தது. தட்டையாக இருந்த நீரேரியின் அடித்தரையில் ஒரு பள்ளம். ஒரு ஆள் படுத்திருந்து பதிந்ததைப்போல நீளமாக.

மறுபடி கீறவிட்டாள். பள்ளம் கரைக்குக் கிட்ட வந்திருந்தது.

அளவுகள் ஆவணியில் எடுத்தவை. அவை மாற முடியாது.

போனை எடுத்தாள்.

"நிருஷன், பழைய லைப்ரரிக்குள்ளை என்ன செய்து வைச்சிருக்கிறீர்?"

மறுமுனையில் சன இரைச்சல்.

"படம் கீறிப் பாத்தனீரோ?"

"ரெண்டு தரம். அது நகருது."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ என்னை இஞ்சை வரச் சொன்னனீர்?"

"மறைச்சால் போயிடும் எண்டு நினைச்சன், ஆரணி. போகேல்லை. நான் எங்கை படுத்தாலும் பின்னாலை வந்தது. அந்த வீட்டிலை ஆராவது ஒராள் நிண்டால்தான் அது அங்கையே நிக்கும்."

அவனுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ நகரத்தின் பெயரைச் சொல்லி, பயணிகளை விமானத்துக்கு அழைத்தது.

"நீர் எங்கை நிக்கிறீர்?"

"என்னைக் கோவிக்காதையும்," என்றான். குரலில் அழுகை இல்லை. தப்பிவிட்டவனின் களைப்பு மட்டும் இருந்தது.

தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்தபோது போனை நிறுத்தியிருந்தான்.

பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. கூறைச் சேலைக்கு என்ன நிறம் விருப்பம் என்று நேற்று அவன் கேட்ட செய்தி, பதில் எழுதாமல் போனிலேயே கிடந்தது. அதை எழுதும்போதே அவன் பெட்டி அடுக்கியிருப்பான்.

காற்றாடி இரைந்தது. அவள் எந்தக் கட்டளையும் கொடுக்கவில்லை.

படம் தானாகக் கீறத் தொடங்கியது. நீரேரி. கரை. கரைக்கு இப்பால் படகு வரவில்லை, அளவே இல்லை. ஆனாலும் கோடுகள் வந்தன. பின்வளவு. கிணற்றடி. வீட்டைச் சுற்றி முற்றம். பள்ளம் முற்றத்தில் கிடந்தது.

மின்வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது. காற்றாடி நின்றது. மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

ஓடிப்போய் முன்கதவைத் திறந்தாள். படலைக்கும் அவளுக்கும் நடுவே வெள்ளம். மழை அடித்தது. நீர் முழுவதும் துளி விழுந்து வட்டங்கள். ஒரு இடத்தில் மட்டும் இல்லை. ஒரு ஆள் நீளத்துக்கு, நீர் கண்ணாடிபோல அசையாமல் கிடந்தது. மேலே மழை. கீழே வட்டம் இல்லை.

அது நகர்ந்தது. மெல்ல. படியை நோக்கி.

"கமலாவதி அக்கா!"

மழை அவள் குரலை விழுங்கியது.

முதல் படியில் வந்து முட்டியது. நின்றது.

பிறகு அந்த இடத்திலும் மழை விழத் தொடங்கியது. ஒரு வட்டம். இன்னொன்று. முற்றம் முழுவதும் வட்டங்கள், ஒரு இடமும் மிச்சமில்லாமல். நீரில் இப்போது எதுவும் இல்லை.

சேற்று மணம்.

அவள் குனிந்து பார்த்தாள். விறாந்தையின் காய்ந்த சீமெந்துத் தரை, அவள் வெறுங்காலுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் படுத்த நீளத்துக்கு, மெத்தையைப்போல மெல்லப் பதிந்தது.