காலி என்று பார்த்தது யார்

திரையில் வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. அதுதான் நமுகாசாவுக்கு முதலில் உறுத்தியது.

தரவுத்தளத்துக்குள் எழுதி வைத்த புரொசீஜர் என்ற நிரல் ஓடும்போது, அது காட்டச் சொல்லும் பிரிண்ட் வரிகளெல்லாம் உள்ளே தேங்கி நின்று, வேலை முடிந்ததும் மொத்தமாகத் திரையில் வந்து விழும். இதுவோ மூச்சு வாங்கி மூச்சு வாங்கி எழுதியது.

'கீழ்த்தளம், காலி. பூட்டியாயிற்று.'

கம்பாலாவில் அந்தச் சனிக்கிழமை மாலை மழை பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தகரக் கூரைகளில் அது இரைய, ஜெனரேட்டரின் டீசல் புகை படிக்கட்டு வழியே ஏறி அவள் இருந்த ஐந்தாம் மாடி வரை வந்து, ஈரச் செம்மண் வாசனையோடு கலந்து தொண்டையில் தங்கியது. கட்டடத்தின் கதவுகளைப் பூட்டுவது அந்தப் புரொசீஜர்தான். எழுதியவன் பியாமுகாமா. அவளுக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவன். அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். சனிக்கிழமைகளில் வேறு யாரையும் இருக்கவிடாமல் தானே ஓட்டுவான். நேற்று மாற்றலாகி ம்பராரா ஊருக்குப் போகும்போது, இனி நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

'முதல் மாடி, காலி. பூட்டியாயிற்று.'

நிரலைத் திறந்து பார்த்தாள். பிரிண்ட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: 'பூட்டியாயிற்று'. காலி என்ற சொல்லே அதில் இல்லை.

அப்படியானால், காலி என்று பார்த்தது யார்?

நிறுத்தினாள். நின்றுவிட்டதாகத் திரை காட்டியது. அதன் கீழேயே அடுத்த வரி வந்தது.

'இரண்டாம் மாடி, காலி.'

கீழே ஒரு தாழ் விழுந்தது. பிறகு, ஈரச் சாக்கை இழுப்பதுபோல் ஓர் ஓசை, படி ஏறியது. இறங்கிப் போக இருப்பதே அந்த ஒரு படிக்கட்டுதான்.

பியாமுகாமாவை அழைத்தாள். தட்டுகளின் ஓசைக்கும் குழந்தைகளின் சிரிப்புக்கும் நடுவே அவன் குரல் வந்தது.

"ஆரம்பிச்சிடுச்சா?"

"என்னண்ணே இது?"

"யாராவது ஒருத்தர் உள்ள இருக்கணும், நமு. இல்லேன்னா அது வெளிய வந்து தேடுது. என் வீட்டு வாசல் வரைக்கும் வந்துச்சு." குழந்தைகளின் சிரிப்பு தள்ளிப் போனது. "சனிக்கிழமைக்கு என் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வந்திருப்பியா?"

அவளுக்கு அழுகை வரவில்லை. அவன் ஊட்டிவிடாத குறையாகப் பார்த்துக்கொண்ட அத்தனை நாளும் இதற்காகத்தானா என்று தோன்றியது.

"திரும்பி மட்டும் பாக்காத," என்றான். "நான் பாத்ததே இல்ல." வைத்துவிட்டான்.

பேசி முடிப்பதற்குள் மூன்றாம் மாடியும் திரையில் வந்து போயிருந்தது.

'நான்காம் மாடி, காலி.'

ஓசை நின்றது.

மழையும் கேட்கவில்லை.

அவளுக்குப் பின்னால் கதவு திறந்தது. மூடியது. தாழ் விழுந்தது.

திரையில் எதுவும் வரவில்லை. காத்திருந்தாள். கழுத்தில் குளிர்ந்த நீர் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று.

அவள் கைகளுக்கு நடுவே, பின்னாலிருந்து நீண்டு வந்த ஈர விரல்கள் விசைப்பலகையில் படிந்து, அவசரமே இல்லாமல் தட்டத் தொடங்கின: 'ஐந்தாம் மாடி,'