எல்லாப் பக்கமும் முதுகு

ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டியிருக்கலாம். கட்டிப் பிடித்து அழவா கேட்டேன்? ஆஸ்பத்திரியில் அவரை மூடிக் கட்டிய அந்தப் பையின் ஜிப்பை ஒரு சாண் இறக்கியிருந்தால் போதும். ஆமாம், இவர்தான், கொண்டு போங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

அலுவலக வாசலில் நின்றபடி அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கதவு தானாக விலகியது. கைப்பிடியை யாரும் தொடக் கூடாது என்று தொற்று தொடங்கிய புதிதில் பெரிய சார் மாட்ட வைத்த கதவு. அதற்குப் பிறகு தொடுவதற்கே ஆள் இல்லாமல் போயிற்று.

உள்ளே அடைபட்ட காற்று. அட்டையும் பசையும் காய்ந்துபோன கிருமிநாசினியும் கலந்த வாடை. தரையில் இன்னும் ஒருவழி அம்புக்குறிகள். மேஜைகளுக்கு நடுவே கண்ணாடித் தடுப்புகள். ஊருக்கெல்லாம் கட்டடம் வரைந்து கொடுத்த நிறுவனம், அந்த ஒரு வருடம் தன் அலுவலகத்தையே வரைந்து வரைந்து அழித்தது. முதலில் மேஜைகளை விலக்கிப் போட்டார்கள். பிறகு ஆட்களைப் பாதியாக்கினார்கள். பிறகு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது இடத்தையே காலி செய்கிறார்கள்.

ஜன்னலோர மேஜை அவள் கணவனுடையது. இருவரும் இங்கேதான் வேலை பார்த்தார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி இரும்பு ஸ்கேல் இருக்கும் என்பதால் அவனுக்குப் பேரே ‘ஸ்கேல்’. வீட்டில் சண்டை வந்தால்கூட அளந்துதான் பேசுவான் என்று கிண்டல் செய்வார்கள். அவன் நாற்காலி அப்படியே இருந்தது.

அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு எதிர் மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். சின்னக் கட்டத்துக்குள் பெரிய சார் வந்தார். வீட்டிலிருந்து வேலை என்று ஆன பிறகு இது ஒரு வழக்கம். காலையிலிருந்து மாலைவரை வீடியோ அழைப்பு திறந்தே இருக்கும். ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார்ந்து பேசாமல் வரைந்துகொண்டிருப்பார்கள், ஒரே அறையில் இருப்பதுபோல. இன்றைக்கு அவரும் அவளும் மட்டும்.

“வந்துட்டியாமா? சாயங்காலம் அந்தப் புது கிளையன்ட் பாக்கணும். பிடிச்சிட்டா அவங்களோட அத்தனை கிளை வேலையும் நமக்குத்தான். இல்லன்னா நீயும் நானும் தெருவுல நின்னு ‘வீடு வரையலையோ வீடு’ன்னு கூவ வேண்டியதுதான்.”

அவருக்காக அவள் சிரித்தாள். அவர் குரலில் சிரிப்பு இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அவருடைய கடைசி யோசனை அது. இந்த அலுவலகத்தை அச்சு அசலாகத் திரைக்குள் கொண்டுபோய்விடுவது. வேலை செய்பவர்களும் வாடிக்கையாளர்களும் வீட்டில் இருந்தபடியே அதற்குள் நடந்து பார்க்கலாம். அதற்காகத்தான் ஸ்கேனர். ஸ்டாண்டில் நிறுத்தினால் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு ஒளியை வீசும். ஒளி பட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாகப் பதிவாகும். படாத இடம் வெறுமையாக நிற்கும்.

சுற்றும்போது அறையில் யாரும் இருக்கக் கூடாது. இருந்தால் அவர்களும் பதிவாகிவிடுவார்கள். அப்படி மாட்டிக்கொண்டவர்களைப் பிறகு அழித்தெடுப்பது பல வருடமாக அவள் வேலை. கொத்தனார், வீட்டுக்காரரின் குழந்தை, குறுக்கே போன பூனை என்று எவ்வளவோ பேரைச் சுற்றிக் கோடு போட்டு இல்லாமல் ஆக்கியிருக்கிறாள். “உங்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்டி” என்பான் அவன். “ஒரு சொடுக்குல ஆளையே காணாம ஆக்கிடுவ.”

இயந்திரத்தை ஓடவிட்டு நடைவழியில் போய் நின்றாள். ரீங்காரம் எழுந்து, சுற்றி, அடங்கியது. திரும்பி வந்து திரையைப் பார்த்தாள்.

ஜன்னலோர நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

சாம்பல் நிறப் புள்ளிகளால் ஆன ஒரு முதுகு. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. காலமெல்லாம் மேஜைமேல் கவிழ்ந்து இறங்கிய தோள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலி காலி. போய்த் தொட்டாள். தூசி, அவ்வளவுதான்.

கோளாறாக இருக்கும் என்று நினைத்துப் படத்தைத் திருப்பினாள். அந்த உருவத்துக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆள் அளவுக்கு வெறுமை. ஒளியை ஏதோ மறித்திருக்கிறது. கோளாறு ஒளியை மறிக்காது.

பெரிய சாருக்கும் அவள் திரை தெரிந்துகொண்டிருந்தது. “யாருமா அது உக்காந்திருக்கிறது? வாட்ச்மேனா?”

“இங்க யாரும் இல்ல சார்.”

“சரி, பழைய பதிவு ஏதாவது கலந்திருக்கும். அழிச்சிடு. உனக்குத் தெரியாததா?”

அவள் மனம் வேறெங்கோ போய்விட்டிருந்தது. இது முதுகு. அப்படியானால் அந்தப் பக்கம் முகம் இருக்கும்.

பயத்தைவிடப் பெரிதாக ஒன்று வந்து அவளை உந்தியது. ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் இடையில், நேர் எதிரே வைத்தாள். வெளியே ஓடினாள். ரீங்காரம் அடங்குமுன்பே உள்ளே வந்தாள்.

முதுகு.

இடப்பக்கம் வைத்தாள்.

முதுகு.

வலப்பக்கம். கூட்ட அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து. மேஜைமேல் ஏற்றி.

எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துச் சுற்றிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் பிடரியும் முதுகும்தான். கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்தவனைச் சுற்றிச் சுற்றி வருவதுபோல் வந்தாள். முகம் என்று ஒரு பக்கமே இல்லை.

“ஏங்க,” என்றாள் காலி நாற்காலியிடம், உதடு பிரியாமல். “ஒரே ஒரு தடவை.”

கைபேசி அதிர்ந்தது. அக்கா. அவன் போன நாளிலிருந்து அவளோடு வந்து தங்கியிருப்பவள்.

“சாப்பிட்டியாடி?”

“ம்.”

“பொய் சொல்ற. ஏன் மூச்சு வாங்குது?”

“இங்கதான்க்கா இருக்காரு.”

“உயிரோட இருக்கறவ ஒருத்தி இங்க சோத்தைப் போட்டு வச்சுட்டு உக்காந்திருக்கேன். மொதல்ல கிளம்பி வா” என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு வந்துடறேன்க்கா.”

இந்த முறை அவள் வெளியே போகவில்லை. முகக்கவசத்தைக் கழற்றினாள். நாற்காலிக்குப் பக்கத்தில், ஸ்கேனரை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றாள். இடது கையை நாற்காலியின் சாய்மானத்தின்மேல் வைத்துக்கொண்டாள்.

ரீங்காரம்.

அசையக் கூடாது. அசைந்தால் படம் கலைந்துவிடும்.

பென்சில் சீவிய வாசனை வந்தது. அதற்கு அடியில் ஆஸ்பத்திரி வாசனை.

இடது கைமேல் ஏதோ வந்து அமர்ந்தது. குளிர்ந்த விரல்கள். நடுவிரலின் ஓரம் தடித்திருந்தது, பென்சில் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன இடம். அந்தத் தடிப்பை அவள் ஆயிரம் பேர் கைகளுக்கு நடுவிலும் அடையாளம் சொல்வாள்.

அவள் அசையவில்லை.

சத்தம் நின்றது. கையில் ஒன்றுமில்லை. நடந்துபோய் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். படம் மெல்ல மெல்லப் புள்ளிகளாய்க் கூடிவந்தது.

அவன் எழுந்து நின்றிருந்தான். முதுகு. பக்கத்தில் அவள். இருவர் கைகளும் கோத்திருந்தன.

அவளுடைய கொண்டை தெரிந்தது. அதில் செருகியிருந்த பென்சில் தெரிந்தது.

அவள் நின்றது ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டு. அதற்குக் கொண்டை தெரிய வழியே இல்லை.

“ரெண்டு பேரா?” பெரிய சாரின் குரல் தடுமாறியது. “அம்மா, ரெண்டையும் அழிச்சிடு. அவங்க பாக்குற நேரம் ஆச்சு. இந்த வேலையும் போச்சுன்னா நான் எல்லாருக்கும் என்ன பதில் சொல்லுவேன்?”

அவள் சுட்டியை நகர்த்தினாள். இரண்டு முதுகுகளையும் சுற்றிக் கோடு விழுந்தது. இனி ஒரு சொடுக்கு. பெரிய சார் நல்லவர்; அவன் போன பிறகும் அவளை வேலையிலிருந்து எடுக்காதவர். விரல் இறங்க மறுத்தது. கோட்டை எடுத்துவிட்டாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல பெரிய சார் கேட்டார்.

“ஏம்மா.”

“சொல்லுங்க சார்.”

“நீ ஏன் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்க?”

அவள் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இமைக்காமல்.

“எனக்கு உன் கொண்டைதாம்மா தெரியுது. பக்கத்துல...” அவர் முகம் கட்டத்தை நிறைத்துக்கொண்டு நெருங்கி வந்தது. “பக்கத்துல யாரு?”

இடது கையில் பிடி இறுகியது. கேமராவின் சிறு விளக்கு மங்கிப்போயிற்று. திரையும் சுவரும் ஜன்னலும் மங்கிக்கொண்டே போக, மிக அருகில் ஏதோ தெளியத் தொடங்கியது. முதலில் தாடை. அதில் சவரம் செய்யாத சில நாள் முடி. பிறகு உதடு. எந்த இயந்திரமும் போய்ச் சேராத பக்கம் ஒன்று இருக்கிறது. அவன் இவ்வளவு நேரமும் அங்கே பார்த்துக்கொண்டு, அவள் வருவதற்காகத்தான் நின்றிருக்கிறான்.

“திரும்பும்மா,” பெரிய சார் அழுதுகொண்டிருந்தார். “உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். என் பக்கம் திரும்பு.”

கண்கள் தெளிந்துகொண்டிருந்தன.

“வேண்டாம் சார்,” என்றாள் அவள், மெல்ல.