மூன்றாவது நாற்காலி

வெண்புலத்தில் எவரும் பக்கத்தில் இருப்பவர் சொன்னதை மறுக்காமல் விடுவதில்லை. யாரும் எழுதிவைத்த சட்டமன்று. ஆயினும் மூச்சு விடுவதுபோல எல்லோரும் அதைக் கடைப்பிடித்தனர். அன்று காலையிலும், “டீ ஆறிப்போச்சு” என்றான் இன்னாசி. “எனக்கு நாக்கே வெந்துபோச்சு” என்றாள் மனைவி சலேத்து. ஒரே பாத்திரத்து டீதான். மறுத்து முடித்த நிம்மதியோடு இருவரும் குடித்தார்கள்.

காரணம், படிகம். சனிக்கோளின் பனிநிலவுக்குள் அமைந்த அக்குடியிருப்பின் காற்றையும் கதவுகளையும் அதுவே ஆண்டது. அதனுள் எலெக்ட்ரான்களின் சுழல்கள் கடுங்குளிரிலும் ஒரு திசையில் நிலைகொள்ளாமல் ததும்பின. ‘சுழல்திரவம்’ என்று அதற்குப் பெயர். ததும்பும்வரைதான் அது சிந்திக்கும். சுழல்கள் ஒழுங்குபட்டு நின்றுவிட்டால் வெறும் காந்தக்கல். அந்த மாற்றத்துக்கு வெப்பம் கூடவோ குறையவோ வேண்டியதில்லை. அழுத்தம் சற்றே மாறினால் போதும். குடிகளின் செவிச்செருகிகள் வழியே அவர்கள் கருத்துகளும் அதன்மேல் அழுத்தமாக இறங்கின. எல்லோரும் ஒருபக்கம் சாய்ந்தால் படிகம் உறைந்துவிடும் என்று அஞ்சிய முன்னோர், மறுப்பை வழக்கமாக்கினர்.

இருந்தும் அது உறைந்துகொண்டிருந்தது. முற்பகலில் நான்காம் சுரங்கத்தின் கதவு மூடியபடியே நின்றுவிட்டது. கையால் திறக்க வழியில்லை. உள்ளே பனி வெட்டப் போயிருந்தவள் அவர்கள் மகள் ரொசாரி. மாலைக்குமேல் அங்கே காற்று இராது.

சபை கூடியது. படிகத்தைப் பராமரிக்கும் இன்னாசி எழுந்தான்.

“நாமதான் ஓயாம மறுக்கிறோமே, பின்ன ஏன் உறையுதுன்னு கேக்குறீங்க. மறுக்குறதாலதான் உறையுது! ஒருத்தர் ‘சரி’ன்னா சுழல் மேல, பக்கத்தாளு ‘தப்பு’ன்னா கீழ, அடுத்தவர் மறுபடி மேல... அதுவும் ஒழுங்குதானே? அந்தக் காலத்துல மூணு மூணு பேரா முக்கோணமா உக்காந்தாங்க. ரெண்டு பேரு எதிரெதிரா நின்னா, மூணாவது ஆளு யார மறுப்பான்? திண்டாடுவான். அந்தத் திண்டாட்டந்தான் படிகத்துக்கு உசுரு. இடம் பத்தலன்னு நாமதான் நாற்காலிய வரிசையாப் போட்டோம்.”

“நாற்காலி மேல பழியா? தப்பு” என்றார் தலைவர் குப்புராஜ்.

“தலைவரு எதத்தான் ஒத்துக்கிட்டாரு? இன்னாசி சொல்றது சரி” என்றாள் அடுத்திருந்த மருத்துவர் சகர்பானு.

“ஊசி போடுறவங்களுக்குக் கல்லப் பத்தி என்ன தெரியும்? தப்பு” என்றார் அவளுக்கு அடுத்தவர்.

“சரி.”

“தப்பு.”

வரிசை நெடுகிலும் அது ஓடியது. எவரும் யோசிக்கவில்லை; யோசித்ததாக ஒவ்வொருவரும் நம்பினர். சுவர்த்திரையில் படிகத்தின் சுழல்திசையைக் காட்டும் அம்புகள் மேல், கீழ், மேல், கீழ் என்று விறைத்தன.

இப்போது ‘தப்பு’ சலேத்தின் இடப்பக்கத்தில் ஒலித்தது. இனி அவள் ‘சரி’ என்றாக வேண்டும். அவள் சொல்லத் துடித்ததும் அதுவே. ஆனால் அது கணவனை நம்பிய ‘சரி’யா, பக்கத்தாளை மறுத்த ‘சரி’யா என்று படிகம் பகுத்தறியாது. அதற்கு அது இன்னுமொரு மேல்நோக்கிய அம்பு. மகளின் கதவில் இன்னுமொரு தாழ்.

“சரின்னு சொல்லித் தொலையேம்மா, அடுத்த ஆளு காத்திருக்காரு” என்றார் தலைவர்.

சலேத்து எழுந்து நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள். வரிசைக்குப் பின்னால், இருபக்கத்தாரோடும் முக்கோணமாகும்படி போட்டு உட்கார்ந்தாள்.

“சரியா தப்பான்னு எனக்குத் தெரியலண்ணே” என்றாள். “நெசமாவே தெரியல.”

திரையில் ஓர் அம்பு விறைப்பு விட்டு நடுங்கியது. வலப்பக்கத்தில் இருந்தவர் மறுப்பதற்காக வாயைத் திறந்தார். மறுக்க ஒன்றும் இல்லாமல் திறந்தபடியே இருந்தார்.