மூடிய குளத்தின் தேரைகள்

கதவைத் திறந்ததும் சேற்று வாடை அடித்தது. தன் பூட்ஸிலிருந்துதான் வருகிறது என்று நினைத்த புல்டோசர் ஓட்டுநர் அதை வாசலிலேயே கழற்றி வைத்தான். வாடை போகவில்லை. வீட்டுக்குள்ளிருந்து, தகரத்தை யாரோ நகத்தால் சுண்டுவதுபோல ஒரு சத்தமும் வந்துகொண்டிருந்தது. டிக். டிக்.

மத்தியானம் மழைக்காட்டுக் குளத்தை மூடும்போது கேட்ட அதே சத்தம். தண்ணீருக்கடியில் காய்ந்த இலைபோலத் தட்டையாகக் கிடந்த தேரைகளின் சத்தம். தாய்த்தேரைகளின் முதுகுத் தோலுக்குள் குழிகுழியாக முட்டைகள். குஞ்சுகள் அங்கேயே வளர்ந்து, தோலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். வண்டிக்குக் கொடி காட்டி வழிசொல்லும் வேலையாள் குறுக்கே வந்து நின்றான்.

"அண்ணே, இதுங்க பயந்தா ஓடாது, சேத்தோட அப்பிக்கும். மொதல்ல ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணிய விடுங்க. அதோட போயிடும்."

"மழை வந்தா வண்டி புதைஞ்சிடும்டா. தேரைக்குப் பிரசவம் பாக்கவா வந்திருக்கேன்?"

"கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கும் ஒருத்தன் படியளக்கிறான்ண்ணே."

"அவன் அளக்கட்டும். நான் மூடறேன்."

மூடினான். மண் விழ விழச் சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"வந்துட்டீங்களா?" உள்ளறையிலிருந்து மனைவி கேட்டாள். கோயில், டாக்டர் என்று அலையாத இடமில்லாமல் அலைந்த பிறகு தங்கிய கரு அவளுக்கு. மழை இருட்டில், கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள்.

நிறைமாதக்காரி. குப்புற.

"ஏய், வயித்த அமுக்காத! எந்திரி."

"வயித்துல இப்பப் பாரமே இல்லீங்க. எல்லாம் முதுகுக்குப் போயிடுச்சு." தலையணைக்குள் சிரித்தாள். "மத்தியானத்துலேருந்து ஒரே அரிப்பு. கொஞ்சம் சொறிஞ்சு விடுங்களேன்."

செல்போன் விளக்கைப் போட்டு நைட்டியை விலக்கினான். ஈரமான முதுகு. தேனடைபோலக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் மெல்லிய தோல் மூடி. மூடிகளுக்குக் கீழே அசைவு. டிக். டிக். டிக்.

பிறகு சத்தம் நின்றது.

ஒரு மூடி தானாகக் கிழிந்தது. உள்ளே புளியங்கொட்டை அளவில் ஒரு குழந்தை முகம். அவனுடைய மூக்கு. அவனுடைய நெற்றி.

அடுத்த மூடி. அதே முகம்.

"ஏங்க, கொழந்தை அழுதுச்சா?" என்றாள் அவள்.

எதுவும் அழவில்லை. எல்லா வாய்களிலும் மண் அடைத்திருந்தது.