கடித்து வைத்த ரொட்டி

"அம்மா, ஆணியில உன் ரொட்டியைக் காணோம்."

மகள் நிகாரா போனில் இதைச் சொன்னபோது பர்வானா பஞ்சகெந்த் சந்தையில், தன்னோடு வந்த ஐந்து பெல்ஜியக்காரர்களுக்காக முலாம்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "நல்லாப் பாருடி. அத்தை எங்கயாவது மாத்தி மாட்டியிருப்பா" என்றாள்.

"அத்தை தொடவே இல்லையாம். நேத்து நான் தூங்கப் போறப்ப இருந்துச்சு. அது இல்லேன்னா நீ எப்படி வருவ?"

"வண்டியிலதான் வருவேன். போய்ப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு."

சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தாள். வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. பழக்காரன் அவள் கேட்ட விலைக்கே இறங்கி வந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

வெளியூர் கிளம்புகிறவர் ஒரு முழு ரொட்டியில் ஒரு வாய் கடித்து வைத்துவிட்டுப் போவது சமர்கந்தில் வழக்கம். மிச்சம் சுவரில் தொங்கும். திரும்பி வந்து அவரேதான் அதைத் தின்று முடிக்க வேண்டும். அது தொங்கும்வரை போனவரை வீடு விடாது. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுக் கடித்தும் வைப்பார்கள். பர்வானா பதினோரு வருடமாகச் சுற்றுலா வழிகாட்டி. கீவாவின் மண்கோட்டையையும் புகாராவின் மினாரையும் பிரெஞ்சில் மூச்சுவிடாமல் விவரிப்பாள். ஆனால் கடித்து வைக்காமல் அவள் ஒரு பயணமும் கிளம்பியதில்லை. அவளுக்கு முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருக்கும், அதனால் அவள் கடித்த இடத்தில் நடுவே ஒரு சின்ன மேடு நிற்கும். நிகாரா அதற்கு 'அம்மா மலை' என்று பெயர் வைத்திருந்தாள்.

வண்டிக்குத் திரும்பி, ஜீப் ஓட்டிவந்த அண்ணனிடம் சொன்னாள். தவ்ரான் அப்போது டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின இரவு பயணிகளோடு அவள் சமர்கந்த் ஓட்டலிலேயே தங்கினாள். ரொட்டி தொங்கும்போது பாதிப் பயணத்தில் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது அவர்கள் அம்மா போட்ட சட்டம். மகளைத் தெருமுனையில் கட்டிக்கொண்டதோடு சரி. தவ்ரானுக்கு அந்தத் தடை கிடையாது. குளிர்ச்சட்டை எடுக்கவேண்டும் என்று சொல்லி அவன் மட்டும் அவள் வீட்டில் போய்ப் படுத்திருந்தான்.

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றான் நிமிராமல். "இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. மூணு ராத்திரி, அப்புறம் வீடு."

அவன் சொன்னால் அவளுக்குச் சரிதான். புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்ட பிறகு, அவளுக்கு மனிதர் என்று இருந்தது இந்த அண்ணன் ஒருவன்தான். அவனுக்கும் அவள்தான். நாலு வருடத்துக்கு முன் இதே அக்டோபரில், மாவு மூட்டை ஏற்றிக்கொண்டு காவ்ரான் பள்ளத்தாக்குக்குப் போனவன் பனியில் மாட்டிக்கொண்டான். ஆறு மாதம் பேச்சுமூச்சில்லை. ரொட்டியை இறக்கி அவன் பேரில் தானம் கொடுத்துவிடலாம் என்று அவன் பெண்டாட்டியே சொன்னாள். பர்வானா கேட்கவில்லை. அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, அதற்குக் கீழேயே பாய் போட்டுப் படுத்தாள். ஏப்ரலில் அவன் நடந்தே வந்து சேர்ந்தான், பாதி உடம்பாக. பெற்ற அம்மாவின் பெயர் அவனுக்கு மறந்துபோயிருந்தது. குளிர் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் மருத்துவர். காய்ந்து கல்லாகிக் கிடந்த ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து அவள்தான் அவனுக்கு ஊட்டினாள். இரண்டு வாய்க்கு மேல் அவன் தொடவில்லை. அதற்குப் பிறகு அவன் எந்த ரொட்டியையும் கடித்து அவள் பார்த்ததில்லை. சோறும் சூப்புமாகவே காலம் தள்ளினான்.

அதனால்தான் இந்த வருடம், "காவ்ரானையும் பட்டியல்ல சேர்த்துக்க, வெள்ளைக்காரங்க சொக்கிப் போவாங்க" என்று அவனே சொன்னபோது, அண்ணனுக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று அவள் மகிழ்ந்துபோனாள்.

சராஃப்ஷான் ஆற்றை விட்டுக் கிளைப்பாதையில் ஏறியதும் ஆப்ரிகாட் தோட்டங்கள் முடிந்தன, பிறகு மரங்களே முடிந்தன, பிறகு செம்மண் பாறைகளுக்கு நடுவே ஜீப்பின் உறுமலும் அது மலையில் மோதித் திரும்பி வரும் சத்தமும் மட்டும் இருந்தன. பாலத்துக்கு முந்தின வளைவில் தவ்ரான் வண்டியை நிறுத்தி, "போன் பேசுறவங்க இங்கயே பேசிக்கலாம், இதுக்கப்புறம் சிக்னல் கிடையாது" என்றான். பர்வானா மகளுக்கு அடித்துப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பலகைப் பாலத்தை ஒவ்வொரு சக்கரமாக ஊர்ந்து கடந்தபோது மேற்கு மலையின் நிழல் ஊரின் மேல் பாதிவரை இறங்கியிருந்தது.

பதினைந்து வீடுகள் இருக்கும். ஒன்றில்தான் புகை வந்தது. அந்த வீட்டுக்காரி சரோமத் வாசலிலேயே நின்றிருந்தாள், கொழுத்த கன்னமும் மாவு படிந்த கையுமாக. வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் பர்வானாவிடம் வந்து நின்றாள்.

"நீதான் தங்கச்சியா? உங்க அண்ணன் உன்னைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கான்."

"என்ன சொன்னாரு?"

"நம்பினவங்களை நீ கைவிடவே மாட்டியாம்" என்றாள் சரோமத். சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்து, பதம் பார்ப்பவள் போல உள்ளங்கையை அமுக்கினாள்.

வீட்டுக்குள் சாண விறகின் புகையும் ஆப்ரிகாட் எண்ணெயின் கசப்பும் இருந்தன. அவற்றுக்கு அடியில், ஈரச் சுவரும் நாள்பட்ட மாவும் சேர்ந்து புழுங்கியது போன்ற வேறொரு வாடையும் இருந்தது. நடையின் கடைசியில் ஓர் அறை, கதவுக்குப் பதில் கம்பளி தொங்கியது. தவ்ரான் வண்டியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் போவதைப் பர்வானா பார்த்தாள். வெறுங்கையோடு வெளியே வந்தான்.

துணி விரித்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தவ்ரான் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து வாயில் வைத்துக் கடித்தான். பர்வானா பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடியும் கடித்தான், கன்னம் உப்ப மென்றான், பசித்த பையனைப் போல. நாலு வருடத்துக்குப் பிறகு. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மலைக்கு வந்தது வீண்போகவில்லை என்று நினைத்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கம்பளிக்கு அப்பாலிருந்து, காய்ந்த எதையோ யாரோ மெல்லும் சத்தம். மெதுவாக, அவசரமில்லாமல், நடுநடுவே நின்று விழுங்கி.

"மேடம், உங்களுக்குக் குழந்தைங்க உண்டா?" என்று பக்கத்திலிருந்த லூக் கேட்டார். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வழியெல்லாம் கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்துத் தள்ளியவர்.

"ஒரே ஒரு..." என்று ஆரம்பித்தாள். பிரெஞ்சில் அந்த வார்த்தை வரவில்லை. களைப்பு என்று நினைத்தாள். தன் மொழியில் யோசித்தாள். அங்கேயும் இல்லை. இரட்டைப் பின்னலும் பால் வாசனையுமாக ஒரு முகம் தெரிந்தது. அதை என்னவென்று சொல்வது என்றுதான் தெரியவில்லை. உள்ளே சத்தம் நின்றதும் வார்த்தை மெல்லத் திரும்பி வந்தது. "பொண்ணு" என்றாள்.

அன்றிரவு தூங்கினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. சத்தம் வந்தது, நின்றது, வந்தது. ஒவ்வொரு முறை நின்றதும் நிகாராவின் பிறந்தநாளைச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் மாதம் மட்டும் மிஞ்சியது.

விடியும் நேரத்தில் பயணிகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பனி வரப்போகிறது, உடனே இறங்க வேண்டும் என்று தவ்ரான் சைகையிலேயே அவர்களை எழுப்பியிருந்தான். லூக் மட்டும் முற்றத்தில் நின்று கேமராவை நீட்டினார்.

"ராத்திரி அந்த அறையில எடுத்தேன், பாருங்க. சுவர் முழுக்க ரொட்டி. நாப்பது வருஷம் பல்லைப் பாத்த கண்ணு இல்லையா, விடாது. ஒவ்வொண்ணுலயும் பெரிய கடி ஒண்ணு, ஒவ்வொண்ணும் வேற வேற ஆளோடது. இது உங்களோடது தானே? முன்பல் ஓரம் உடைஞ்சிருக்கு பாருங்க."

படத்தில் அம்மா மலை இருந்தது.

"ஆனா இந்தச் சின்னக் கடிங்க எல்லாம் புதுசு" என்று அவர் பெரிதாக்கிக் காட்டினார். "எலி இப்படிக் கடிக்காது. இது பல்வரிசைதான், மனுஷப் பல் மாதிரியேதான் இருக்கு. எண்ணிப் பாத்தேன். ஒரு வாய்க்கு இவ்வளவு பல்லு இருக்க முடியாது." அவருக்கு அது ஒரு வேடிக்கை. தலையாட்டிக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

பர்வானா கம்பளியை விலக்கினாள். சுவரெங்கும் ஆணிகள். ஆணிக்கு ஒரு ரொட்டி. சிலது முக்கால், சிலது பாதி, சிலது விரல் அகலத் துண்டு. கீழே, சுவரோரமாக, நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆணும் பெண்ணும். அவள் வந்ததற்கு யாரும் திரும்பவில்லை. வாசல் பக்கத்து ஆணி காலி. சுவரில் ஒரு ரொட்டி நாலு வருடம் தொங்கிய வட்டக் கறை மட்டும் இருந்தது. அதற்கு அடுத்த ஆணியில் அவளுடையது.

வெளியே ஜீப் கிளம்பியது.

ரொட்டியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு ஓடினாள். சரோமத் தடுக்கவில்லை. பாலத்தைக் கடக்க வண்டி ஊர்ந்தாக வேண்டும், அதனால் அக்கரையில் எட்டிப் பிடித்துவிட்டாள். கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கண்ணாடியைத் தட்டினாள். தவ்ரான் கண்ணாடியை நாலு விரல்கடை இறக்கினான்.

"அண்ணா, கதவைத் திற."

"அந்தக் குளிர்ல பசி தாங்காம சரோமத் நீட்டின ரொட்டியைக் கடிச்சிட்டேன் பர்வானா. மிச்சத்தை அவ மாட்டிட்டா" என்றான். "நீ அங்க ஒண்ணைக் காத்து வச்சிருந்தே, அதனாலதான் வீட்டுக்கு வர முடிஞ்சது. ஆனா இங்க தொங்கினது குறைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. போன மாசம் என் பேரே மறந்துபோச்சு. ஒரு கைப்பிடிதான் மிச்சம். சொந்த ரத்தத்தோடது ஒண்ணு மாட்டினா என்னுதை எடுத்துக்கலாம்னு சொன்னா."

"உன் ரொட்டியை நான் இறக்கவே இல்லையே, அண்ணா. எல்லாரும் சொல்லியும் இறக்கலையே."

"தெரியும்" என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான். மடியில் ஒரு ரொட்டித் துண்டு இருந்தது. அழுகைக்கு நடுவிலேயே அதைக் கடித்து மென்றான். "உன்னை மாதிரி எனக்கு வேற யாரு இருக்கா? நிகாராவை நான் பாத்துக்கறேன்."

வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் சொல்லும். பின்சீட்டில் பெல்ஜியக்காரர்கள் பேச்சு புரியாமல், அவள் இங்கேயே தங்கி வழியனுப்புகிறாள் என்று நினைத்துக் கையசைத்தார்கள். லூக் சிரித்தபடி ஒரு படம் எடுத்தார்.

அவள் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். விடக் கூடாது. விட்டால் போயிற்று. விடக் கூடாது.

மார்போடு அணைத்திருந்த ரொட்டியிலிருந்து மெல்லும் சத்தம் வந்தது.

எதை விடக் கூடாது?

கையைப் பார்த்தாள். ஏதோ ஒரு வண்டியின் கைப்பிடி. மரியாதையாகக் கையை எடுத்துவிட்டாள்.

வண்டி வளைவை நோக்கிப் போயிற்று. பனி தூறத் தொடங்கியது. பின்னாலேயே நடந்தாள், ஏன் என்று தெரியாமல். வளைவுக்கு வந்தபோது சட்டைப்பையில் ஏதோ அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"அம்மா? மாமா இப்பத்தான் போன் பண்ணினாரு. என்னையும் ஒரு ரொட்டியைக் கடிச்சு வைக்கச் சொன்னாரு. கடிக்கட்டுமா அம்மா?"

குழந்தையின் குரல். இனிமையாக இருந்தது. எதற்கோ வேண்டாம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. எதற்கு என்று தேடினாள். குனிந்து பார்த்தாள். ரொட்டியில் அம்மா மலை இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு புதுக் கடி, இன்னும் எச்சில் ஈரம் காயாமல்.

பாலத்துக்கு அப்பாலிருந்து சரோமத் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"தாராளமா கடிங்க" என்றாள் பர்வானா, பதினோரு வருடம் பழகிய பணிவான குரலில். "நீங்க எந்தக் குழுவோட வர்றீங்க?"