ஐம்பத்து நான்கு நாய்க்குட்டிகள்

சஞ்சீவனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது, ஸ்ரனிஸ்லாஸ் அங்கிள் தன் பலசரக்குக் கடை வாசலில் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தார்.

“பாரு மகள், நாய்க்குட்டிங்க மூணு பிஸ்கட் பெட்டியைக் கடிச்சுக் கிழிச்சிருக்கு! போன தடவை நாலு குட்டி, இந்தத் தடவை ஆறு. ஞாயித்துக்கிழமை லொறி வருது. ஏத்திக் கொண்டுபோய் மடவளைப் பக்கம் விட்டுடப் போறேன்.”

கடைக்குப் பின்னால் நங்கி படுத்திருந்தாள். பழுப்பு நிறத் தெருநாய். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. அவளுடைய இரண்டு மாதக் குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விளையாடின.

“அங்கே யாரு சோறு போடுவாங்க, அங்கிள்?”

“இங்கே மட்டும் எத்தனைக்குப் போடுறது?”

அவர் கேட்டதும் நியாயம்தான். போன தடவை சஞ்சீவனி வீடு வீடாக ஏறி இறங்கி நான்கு குட்டிகளுக்கும் இடம் தேடிக் கொடுத்தாள். ஆனால் அதற்குள் இன்னும் ஆறு வந்துவிட்டன.

அந்த வாரம் விஞ்ஞானப் பாடத்தில் ஷிராணி டீச்சர் விலங்குகளின் இனப்பெருக்கம் பற்றிச் சொல்லியிருந்தார். சஞ்சீவனி கிழிந்த அட்டை ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

“ஆறுல மூணு பெண் குட்டி, அங்கிள். வளர்ந்து ஆளுக்கு ஆறு போட்டா?”

“பதினெட்டு.”

“அதுல பாதி பெண் குட்டின்னா ஒன்பது. அதுங்களும் ஆளுக்கு ஆறு போட்டா?”

அங்கிள் வாய்க்குள் பெருக்கிப் பார்த்தார். விளக்குமாறு கையிலிருந்து நழுவியது.

“ஐம்பத்து நாலா?”

“நங்கி இனிமேல் போடப்போறதை நான் இன்னும் சேர்க்கல்ல.”

அங்கிள் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

“குட்டிகளை மடவளையில விட்டாலும் இதே கணக்குத்தான், அங்கிள். சனிக்கிழமை சனசமூக மண்டபத்துக்கு மிருக வைத்தியர் வாறாங்க. பெண் நாய்க்கு ஆபரேஷன் செஞ்சா பிறகு குட்டியே போடாது. இலவசம். நான் நங்கியைக் கூட்டிட்டுப் போனா குட்டிகளை இங்கேயே விடுவீங்களா?”

“போன வருஷம் நாலு பேர் வலையோட வந்தே அவளைப் பிடிக்க முடியல்ல. நீ கூட்டிட்டுப் போ, பார்ப்போம். குட்டிகளுக்கு வீடு கிடைக்கிற வரைக்கும் நான் வச்சுக்கிறேன்.”

கருவாட்டுச் சோற்றைக் காட்டி நங்கியை அழைத்துப் போகலாம் என்று சஞ்சீவனி நினைத்திருந்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை அப்பா தனபாலன் ஒரு செய்தி கொண்டுவந்தார்.

“ஆபரேஷனுக்கு முதல் ராத்திரியிலிருந்து நாய்க்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாதாம், மகள்.”

சஞ்சீவனி தலையில் கை வைத்துக்கொண்டாள். சோறு இல்லாமல் எப்படி? யோசித்து யோசித்து, கடைசியில் அம்மாவிடம் ஓடினாள்.

“அம்மா, என் ஸ்கூல் யூனிஃபார்மை அயர்ன் பண்ணித் தாங்க.”

“நாளைக்குச் சனிக்கிழமை, புள்ள!”

“தெரியும். யூனிஃபார்மும் பையுமா நான் போனாத்தான் நங்கி தினமும் பஸ் ஹோல்ட் வரைக்கும் பின்னாலேயே வருவா.”

சனிக்கிழமை காலை வெள்ளைச் சீருடையும் சப்பாத்தும் பையுமாக சஞ்சீவனி வீட்டிலிருந்து புறப்பட்டாள். கடையடியில் படுத்திருந்த நங்கி சோம்பல் முறித்து எழுந்து பின்னால் வந்தாள். ஹோல்ட்டில் பஸ் வந்து நின்றது.

“ஏறு, நங்கி!” என்று கண்டக்டர் சிங்களத்தில் அவசரப்படுத்தினார்.

சிறுமி, நாய் இருவருமே நிமிர்ந்து பார்த்தார்கள். ஆனால் யாரும் ஏறவில்லை.

பஸ் போனதும் சஞ்சீவனி மண்டபத்தை நோக்கி நடந்தாள். நங்கி நின்றுவிட்டாள். ஹோல்ட்டைத் தாண்டி அவள் ஒருநாளும் வந்ததில்லை. சஞ்சீவனி கூப்பிடவில்லை, இழுக்கவும் இல்லை. பாதையோரக் கல்லில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஈரமான மூக்கு ஒன்று அவள் முழங்கையைத் தொட்டது.

மண்டப வாசலில் இரண்டு பேர் வலையோடு நின்றார்கள். நங்கியின் வால் கால்களுக்கு இடையில் போனது.

“வலையைக் கொஞ்சம் உள்ளே வச்சிடுவீங்களா, அங்கிள்? அவ பயப்படுறா.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வலையைச் சுருட்டி எடுத்துப் போனார்கள். சஞ்சீவனி உள்ளே போனாள். நங்கியும் போனாள்.

பிற்பகலில், ஆபரேஷன் முடிந்ததற்கு அடையாளமாகக் காதில் சின்ன வெட்டோடு நங்கி கண் விழித்தாள். டொக்டர் தர்ஷிகா பதிவுப் புத்தகத்தைத் திறந்தார்.

“நல்லா இருக்கா. ஆறு மாசம் ஆனதும் குட்டிகளையும் கொண்டு வாங்க. நாயோட முகவரி?”

“என் கடை முகவரியைப் போடுங்க, டொக்டர்” என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. ஸ்ரனிஸ்லாஸ் அங்கிள்! கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். “குட்டிகளும் அங்கேதான் இருக்கு. நாளைக்கு வர்ற லொறியைச் சும்மாவே போகச் சொல்லிட்டேன்.”

டொக்டர் எழுதி முடித்து நிமிர்ந்தார்.

“போன வருஷம் நாலு பேரை ஓட வச்ச நாய் இதுதானே? இந்தத் தடவை யார் பிடிச்சது?”

அங்கிள் பெருமையோடு சஞ்சீவனியைக் கை காட்டினார்.

சஞ்சீவனி சீருடையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“யாரும் பிடிக்கல்ல, டொக்டர். நாங்க ரெண்டு பேரும் நடந்து வந்தோம்.”